அந்த என்டர் உங்களுடையது அல்ல

ஜப்பானிய உள்ளீட்டில் கைவைக்கப் போகும் இளம் புரோகிராமர்களுக்குச் சில அறிவுரைகள்



ஜப்பானிய வாடிக்கையாளருக்காக டெஸ்க்டாப் மென்பொருள் செய்யும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளிலேயே உங்கள் தலையில் இப்படி ஒரு பக் விழும்: ‘எழுதி முடிப்பதற்குள் செய்தி போய்விடுகிறது.’ அல்லது, ‘எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திரையின் மூலையில் போய் நிற்கிறது.’ உங்கள் கணினியில் ஆங்கிலத்தில் அடித்துப் பார்ப்பீர்கள். எல்லாம் சரியாகவே இருக்கும். ‘இங்கே வரவில்லை’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடக் கை பரபரக்கும்.

மூடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதற்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விசையை அழுத்துவதற்கும் எழுத்து உறுதியாவதற்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரம் எழுதுகிறவருக்குச் சொந்தம்; நம் மென்பொருளுக்கு அங்கே வேலை இல்லை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

1. முதலில் எழுத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழியில் ஹிராகானா என்ற ஒலியெழுத்து வரிசையில் அடிப்படை எழுத்துகள் 46. அதே ஒலிகளுக்குக் கத்தகானா என்று இன்னொரு வரிசை. இவற்றோடு சீனத்திலிருந்து வந்த கான்ஜி. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 கான்ஜிகள். கணினிக்கான ஜிஸ் என்ற பழைய ஜப்பானியத் தரத்தில் 6,355. விசைப்பலகையில் இருப்பதோ நூற்றுச் சொச்சம் விசைகள்.

1915-இல் சுகிமோட்டோ கியோட்டா உருவாக்கிய தட்டச்சுப்பொறியில் சுமார் 2,400 அச்செழுத்துகள் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. தட்டச்சர் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கு விடிவு 1978-இல் வந்தது. மோரி கெனிச்சியின் குழு உழைப்பில் தோஷிபா நிறுவனம் அறிவித்த ஜே.டபிள்யூ.-10 என்ற சொற்செயலியில், சொல்லை ஒலியாக அடித்தால் போதும். கான்ஜியை இயந்திரமே தேடித் தரும். விலை 63 லட்சம் யென், எடை சுமார் 220 கிலோ. பின்னர் 1985-இல் தோகுஷிமா நகரத்து ஜஸ்ட்சிஸ்டம் நிறுவனம் இச்சித்தாரோ என்ற சொற்செயலியை வெளியிட்டது. அதனோடு வந்த ஏடாக் என்ற மாற்றிதான் இந்த வசதியைச் சாதாரண மேசைக் கணினியில் பரவலாக்கியது. இன்று நீங்கள் சந்திக்கும் ஐ.எம்.இ. என்ற உள்ளீட்டு நிரல்கள் எல்லாமே அந்த வழி வந்தவைதான்: ஒலியை வாங்கு, மாற்றிக் காட்டு, ஒப்புதல் கேள்.

2. ஒரு வாக்கியத்தையாவது உங்கள் கையால் அடித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை வாக்கியம் ஒன்று சொல்கிறேன். ஐ.எம்.இ.-ஐ இயக்கிவிட்டு, ஆங்கில எழுத்துகளால் ‘கியோஹாஇஷானிஇகு’ என்று இடைவெளி விடாமல் அடியுங்கள். அடிக்க அடிக்க ஆங்கில எழுத்து மறைந்து ஹிராகானா வரும். அதன் அடியில் மெல்லிய கோடு ஓடும். இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஐ.எம்.இ. வாக்கியத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கான்ஜியாக மாற்றும். முதல் துண்டை ‘கியோஹா’ என்று எடுத்துக்கொண்டால், ‘இன்று மருத்துவரிடம் போகிறேன்’ என்று பொருள். ‘கியோ’ என்று நிறுத்திக்கொண்டால் அடுத்த துண்டு ‘ஹாஇஷா’ ஆகிவிடும். அது பல் மருத்துவர். எழுதியவர் மனதில் இருந்தது எது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியால் துண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். துண்டு சரியானாலும் சிக்கல் தீராது. அதே ‘ஹாஇஷா’வுக்குத் தோற்றவர், உடைப்புக்குப் போன வண்டி என்று வேறு கான்ஜிகளும் உண்டு. ஸ்பேஸைத் தட்டித் தட்டி வேண்டியதை எடுக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு என்டர். அப்போதுதான் அடிக்கோடு மறையும்.

இந்தச் சின்ன வாக்கியத்துக்கே எத்தனை விசை அழுத்தம் பாருங்கள். ஜப்பானியர் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள், அதுவும் விரல் நோகாத வேகத்தில்.

3. அடிக்கோடு இருக்கும் வரை அது உரை அல்ல.

ஹிராகானாவாக நிற்பது, மாற்றத்தில் இருப்பது, உறுதியானது என்று மூன்று நிலைகள். முதல் இரண்டும் ஐ.எம்.இ. வசம், மூன்றாவதுதான் உங்களிடம் வந்து சேரும். பாதியில் கைவைப்பது, கொதிக்கிற உலையிலிருந்து அரிசியை அள்ளி இலையில் போடுகிற வேலை.

நம் ஆட்கள் வழக்கமாகக் கைவைக்கும் இடங்கள் இவை: எழுத்துக்கு எழுத்து ஓடும் தேடல், தானாக நிரப்பும் பட்டியல், தானாகச் சேமிக்கும் வசதி, ‘அதிகபட்சம் 20 எழுத்து’ என்ற கட்டுப்பாடு. கடைசியதைக் கவனியுங்கள். ஹிராகானாவில் 24 எழுத்தாக நிற்கும் ஒரு முகவரி கான்ஜியானதும் 9 எழுத்தாகச் சுருங்கலாம். உறுதியாகும் முன்பே எண்ணி வெட்டினால், எழுதுகிறவர் தன் முகவரியையே உள்ளிட முடியாது. பெட்டியின் உரையை நிரல் தானாகத் திருத்தி எழுதுவதும் அப்படியே. பெரிய எழுத்தாக்குவது, இடைவெளி நீக்குவது போன்றவற்றை நடுவில் செய்தால் மாற்றம் கலைந்து, ஒரே சொல் இரண்டு முறை விழும். எண்ணுவது, வெட்டுவது, திருத்துவது எல்லாம் உறுதியான பிறகுதான்.

4. அந்த என்டர் உங்களுடையது அல்ல.

மேலே பார்த்தீர்கள், என்டர் என்றால் ‘இந்தக் கான்ஜிதான் சரி’ என்ற ஒப்புதல். நம் உரையாடல் மென்பொருளிலோ என்டர் என்றால் ‘அனுப்பு’. இரண்டும் மோதினால், மேலதிகாரிக்கு மரியாதையாக எழுதத் தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே பறந்துவிடும். இதற்குப் பயந்து, நோட்பேடில் எழுதி வெட்டி ஒட்டும் ஜப்பானிய ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைய டெஸ்க்டாப் செயலிகளில் நிறைய, உள்ளுக்குள் உலாவி எஞ்சினை வைத்துக்கொண்டு ஓடுபவை. அங்கே அடிக்கோட்டு நிலை தொடங்கும்போது ‘கம்போசிஷன்ஸ்டார்ட்’, முடியும்போது ‘கம்போசிஷன்எண்ட்’ என்ற நிகழ்வுகள் வரும். இடையில் வரும் விசை நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ என்ற கொடி மெய்யாக இருக்கும். அந்தக் கொடியைப் பார்க்காமல் என்டரைக் கையாளும் கோட் எதையும் ரிவ்யூவில் விடாதீர்கள்.

கொடியை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். சஃபாரியின் எஞ்சினில் முடிவு நிகழ்வு முந்திக்கொண்டு வரும். என்டர் நிகழ்வு அதன் பின்னால் வரும். அப்போது கொடி இறங்கியிருக்கும், நிரல் ஏமாந்து செய்தியை அனுப்பிவிடும். அங்கே விசை எண் 229 என்று வருவதைப் பார்த்துத்தான் ‘இது ஐ.எம்.இ. எடுத்துக்கொண்ட விசை’ என்று அடையாளம் காண வேண்டும். அந்த எண்ணை வழக்கொழிந்தது என்று ஆவணங்கள் சொன்னாலும், வேலைக்கு ஆவது அதுதான். கூடவே, கன்ட்ரோலோடு என்டர் அழுத்தினால் அனுப்பும்படி மாற்றிக்கொள்ளும் அமைப்பையும் கொடுத்துவிடுங்கள். கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

5. மற்ற விசைகளையும் பறிக்காதீர்கள்.

எஸ்கேப் மாற்றத்தை ரத்து செய்யும். உங்கள் உரையாடல் பெட்டி அதே எஸ்கேப்புக்கு மூடிக்கொண்டால் எழுதியது அத்தனையும் போச்சு. டேப் முன்கணிப்புச் சொல்லை எடுக்கும், எண் விசைகள் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும். விண்டோஸில் எஃப்-6 முதல் எஃப்-10 வரை ஐந்துக்கும் வேலை உண்டு. எஃப்-6 ஹிராகானா ஆக்கும், எஃப்-7 கத்தகானா, எஃப்-8 அரை அகலக் கத்தகானா, எஃப்-9 முழு அகல ஆங்கிலம், எஃப்-10 சாதாரண ஆங்கிலம். பழகியவர்கள் விசையைப் பார்க்காமலே இவற்றைத் தட்டுவார்கள். எஃப்-7-ஐ எழுத்துப்பிழை பார்க்க வைத்திருக்கிறீர்களா? வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கோடு இருக்கும்போது மட்டும் விலகி நில்லுங்கள். லினக்ஸில் பலர் கன்ட்ரோல்-ஸ்பேஸால் ஐ.எம்.இ.-ஐ இயக்கி அணைப்பார்கள். உங்கள் எடிட்டரில் அதுவே கோட் பரிந்துரைக்கான விசை என்றால், மாற்றிக்கொள்ள வழி கொடுங்கள்.

6. கர்சர் எங்கே நிற்கிறது என்று ஐ.எம்.இ.-க்குச் சொல்லுங்கள்.

தேர்வுப் பட்டியலை வரைவது ஐ.எம்.இ. எங்கே வரைவது என்று சொல்ல வேண்டியது நீங்கள். சொல்லாவிட்டால் அது திரையின் மூலைக்குப் போகும், அல்லது எழுதும் வரியின் மேலேயே படுத்து அதை மறைக்கும். கண் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம் என்று யாராலும் எழுத முடியாது. ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது. சாளரத்தை நகர்த்தினாலும், உரையை உருட்டினாலும், எழுத்தைப் பெரிதாக்கினாலும் மறுபடி சொல்ல வேண்டும். இடப்பக்கம் இரண்டாவது திரை வைத்திருப்பவரின் ஆயத்தொலைவு எதிர்ம எண்ணாக வரும், அங்கேயும் பாருங்கள். மேலிருந்து கீழாக எழுதும் வசதி இருந்தால், பட்டியல் வரிக்குப் பக்கவாட்டில் வர வேண்டும்.

7. உரைப்பெட்டியைச் சொந்தமாக வரையும் ஆசை வேண்டாம்.

அழகுக்காகவோ வேகத்துக்காகவோ இயங்குதளத்தின் உரைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுத் தானே வரையும் துடிப்பு எல்லாருக்கும் ஒரு வயதில் வரும். இயங்குதளப் பெட்டியில் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் வரைந்தால் அடிக்கோடு, துண்டுக்குத் தடித்த கோடு, கர்சர் இடம், அன்டூ எல்லாம் உங்கள் தலையில். அன்டூ செய்தால் உறுதியான சொல் முழுதாகப் போக வேண்டும், ஹிராகானா ஒவ்வொன்றாக அல்ல. ஏற்கெனவே உறுதியான சொல்லைத் தேர்ந்தெடுத்து ‘ஹென்கான்’ என்ற மாற்று விசையை அழுத்தினால் அது மீண்டும் மாற்றத்துக்குத் திரும்ப வேண்டும். சொந்தமாக வரைந்த பெட்டிகளில் அநேகமாக விட்டுப்போவது இதுதான்.

8. ஓர் இயங்குதளத்தில் ஓடினால் மூன்றிலும் ஓடும் என்று நம்பாதீர்கள்.

விண்டோஸில் இரண்டு வழிகள்: பழைய ஐ.எம்.எம்., பின்னால் வந்த டி.எஸ்.எஃப். மேக்கில் ‘குறியிட்ட உரை’ என்ற ஏற்பாட்டை உங்கள் பெட்டி ஏற்க வேண்டும். லினக்ஸில் எக்ஸ்.ஐ.எம். என்ற பழைய நெறிமுறை, ஐபஸ், எஃப்.சி.ஐ.டி.எக்ஸ். என்ற கட்டமைப்புகள், இப்போது வேலேண்டுக்குத் தனி நெறிமுறை. க்யூட் நூலகத்தை உங்கள் பொதிக்குள்ளேயே வைத்துத் தருகிறீர்கள் என்றால், உள்ளீட்டுக்கான இணைப்பும் அதனுள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆங்கிலம் ஜோராக வரும். ஜப்பானியத்தில் ஓர் எழுத்துகூட விழாது.

9. அகலத்துக்காகப் பயனரைத் திட்டாதீர்கள்.

ஜப்பானிய உள்ளீட்டில் எண்ணுக்கும் ஆங்கில எழுத்துக்கும் முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு வடிவம் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் குறியீட்டில் வெவ்வேறு எழுத்துகள். தொலைபேசி எண்ணை முழு அகலத்தில் அடித்தவரிடம் ‘அரை அகலத்தில் அடிக்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் கத்தும் படிவங்கள் அந்த நாட்டிலேயே ஏராளம். இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே மாற்றிக்கொள்வது நிரலுக்குச் சில வரி வேலை. ஆனால் யூனிகோடின் என்.எஃப்.கே.சி. சீராக்கத்தை எல்லாவற்றின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். வட்டத்துக்குள் இருக்கும் 1 வெறும் 1 ஆகிவிடும். தொலைபேசி எண்ணுக்கு அது சரி, சட்ட ஆவணத்துக்குச் சரியல்ல.

தேடலிலும் கவனம் தேவை. தரவுத்தளங்களில், மைஎஸ்க்யூஎல்லில் பரவலாகப் புழங்கும் ஒப்பீட்டு விதிகள் சிலவற்றில், எழுத்தின் மேலுள்ள சிறு குறிகள் கணக்கில் வராது. அங்கே கத்தகானாவில் எழுதிய ‘ஹாஹா’வும் ‘பாபா’வும் ஒன்று. முன்னது அம்மா, பின்னது அப்பா.

10. பெயரை எழுத்தில் மட்டும் கேட்காதீர்கள், ஒலியிலும் கேளுங்கள்.

ஒரே கான்ஜிகளால் எழுதும் குடும்பப் பெயரை ஒருவர் நாகாஜிமா என்பார், இன்னொருவர் நாகாஷிமா என்பார். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்ல முடியாது. ஒலி தெரியாமல் அகரவரிசைப்படுத்த முடியாது. அதனால்தான் ஜப்பானியப் படிவங்களில் ஃபுரிகானா என்று ஒலிக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஜப்பானிய எக்செல் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. நீங்கள் கான்ஜிக்காக அடித்த ஒலியையே கலத்தோடு சேமித்து வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துகிறது. வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டிய பெயருக்கு அந்த ஒலி இருக்காது என்பதை மறக்காதீர்கள்.

யோஷினோயா என்ற மாட்டிறைச்சிச் சோற்றுக் கடைகளின் பெயர்ப்பலகையில் ‘யோஷி’ என்ற எழுத்தின் மேல்கோடு குட்டையாக இருக்கும். அந்த வடிவத்தைத் தங்கள் பெயரில் வைத்திருப்பவர்களும் உண்டு. யூனிகோடில் அது அடிப்படைத் தளத்துக்கு வெளியே இருப்பதால் யூ.டி.எஃப்.-16-இல் இரண்டு அலகு பிடிக்கும். உங்கள் பேக்ஸ்பேஸ் ஒரே ஓர் அலகை மட்டும் அழித்தால், பாதி எழுத்து கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். அது ஒரு மனிதரின் பெயர்.

11. பழைய குறியாக்கம் இன்னும் சாகவில்லை.

யூனிகோட் வந்து எவ்வளவோ ஆண்டுகள் ஆகியும், ஷிஃப்ட்-ஜிஸ் கோப்புகள் வந்துகொண்டேதான் இருக்கும். அதில் ஒரு பொறி உண்டு. சில எழுத்துகளின் இரண்டாவது பைட், பேக்ஸ்லாஷின் எண்ணாகவே இருக்கும். அட்டவணை என்பதற்கான ‘ஹியோ’, செயல்திறன் என்ற சொல்லில் வரும் ‘நோ’, கத்தகானா ‘சோ’ எல்லாம் இந்த வகை. பைட் பைட்டாகப் படித்து பேக்ஸ்லாஷை விலக்குக் குறி என்று எடுத்துக்கொள்ளும் நிரலில் இவை சிதையும். ‘சாஃப்ட்’ என்பதை ஜப்பானியர் ‘சோஃபுட்டோ’ என்று அந்தச் ‘சோ’வில்தான் தொடங்குகிறார்கள். அதே எண் ஜப்பானிய எழுத்துருக்களில் யென் குறியாகத் தெரியும். விண்டோஸ் கோப்புப் பாதையின் நடுவே யென் குறியைப் பார்த்து அதை பக் என்று பதிவு செய்யாதீர்கள்.

12. எழுத்துருவுக்கு எந்த மொழி என்று சொல்லிவிடுங்கள்.

யூனிகோட் சீன, ஜப்பானியக் கான்ஜிகள் பலவற்றுக்கு ஒரே எண் கொடுத்திருக்கிறது. உரை ஜப்பானியம் என்று அறிவிக்காவிட்டால் கணினி சீன எழுத்துருவை எடுத்துவிடலாம். படிக்க முடியும், ஆனால் ஜப்பானியர் கண்ணுக்கு உடனே உறுத்தும். ‘அயல்நாட்டார் அரைகுறையாகச் செய்தது’ என்ற பெயர் நமக்கு வந்து சேரும்.

13. வெளியீட்டுக்கு முன் இந்தச் சிறு சோதனையைச் செய்யுங்கள்.

புதிய உரைப்பெட்டி எதைச் செய்தாலும் இத்தனையும் பாருங்கள்: பல் மருத்துவர் வாக்கியத்தை அடித்து மாற்றுங்கள். துண்டின் நீளத்தை மாற்றுங்கள். என்டரை ஒருமுறை அழுத்தினால் உறுதியாக மட்டும் செய்கிறதா? எஸ்கேப்புக்குப் பெட்டி மூடாமல் இருக்கிறதா? பாதியில் மவுஸால் வேறிடம் சொடுக்கினால் எழுத்து தொலைகிறதா, இரட்டிக்கிறதா? தேர்வுப் பட்டியல் கர்சரின் பக்கத்தில் இருக்கிறதா? நீள எல்லையை ஒட்டி எழுதினால் என்ன ஆகிறது? அன்டூ செய்தால்? கடைசியாகக் குட்டைக்கோட்டு ‘யோஷி’யை ஒட்டி, பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆங்கில விசைப்பலகையே போதும். எந்த விசையை எத்தனை முறை தட்டினீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் பயனர் அனுப்பும் புகாரில் அந்த வரிசைதான் உயிர். அவரிடமும் அதைக் கேளுங்கள்.

இவ்வளவும் ஒரு நாட்டுக்காக மட்டுமா என்று கேட்காதீர்கள். சீனமும் கொரியனும் இதே வழியில்தான் கணினிக்குள் வருகின்றன. லினக்ஸில் ஐபஸ் வழியாகத் தமிழ் அடிப்பவர்களின் எழுத்தும் உறுதியாகும் முன் இதே அடிக்கோட்டு நிலையைக் கடந்துதான் வருகிறது. ஜப்பானியருக்காக நீங்கள் திருத்தும் ஒவ்வொரு வரியும் இவர்களுக்கும் உதவும்.

விண்டோஸிலும் மேக்கிலும் ஜப்பானிய ஐ.எம்.இ. கூடவே வருகிறது, அமைப்புகளில் மொழியைச் சேர்த்தால் போதும். லினக்ஸில் கூகுள் 2010-இல் திறந்த மூலமாக்கிய மோஸ்க் இருக்கிறது. காசு கிடையாது. இன்றைக்கே உங்கள் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு எழுதும் நிரலை அதில் சோதியுங்கள்.